புள்ளியின் வீட்டில் இல்லாத புத்தகம்

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கதவு திறப்பதும், இடைவேளைக்குப் பிள்ளைகளுக்குப் பணிஸ் பங்கிடுவதும் இப்போது என் பொறுப்பு. ஓய்வு பெற்ற மனிதன் வாரம் முழுக்க வீட்டில் நின்றால் சமையலறைக்குள் வந்து தலையிடுவான் என்று என் மனைவி பிடித்து அனுப்பிய வேலை இது.

போன மாதம் பணிஸ் கொடுத்துக்கொண்டு நின்றபோது அபிராமி என்ற பிள்ளை என்னை மறித்தாள். நான் வேலை செய்த நூலகத்தில்தான் அவளுடைய தாய் இப்போது வேலை செய்கிறார்.

"மாமா, நீங்கள் பிப்லியோதேக்கிலை சீனப் புத்தகம் அடுக்கினனீங்களாம். அம்மா சொன்னவ. உங்களுக்குச் சீனம் வாசிக்கத் தெரியுமோ?"

"ஒரு சொல்லும் தெரியாது."

"அப்ப என்னண்டு அடுக்கினனீங்கள்?"

"பார்த்துத்தான்."

"சும்மா சொல்லுறார்" என்றாள் பக்கத்தில் நின்ற சிநேகிதி, பணிஸைக் கடித்தபடி.

அதற்குள் மணி அடித்துவிட்டது. நான் சும்மா சொல்லவில்லை. அதைச் சொல்ல ஆண்டு மலரில் சில பக்கம் தாருங்கள் என்று ஆசிரியையிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். எனக்குப் பெரிய படிப்பு இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். எழுத்துப் பிழை இருந்தால் ஆசிரியை பார்த்துக்கொள்வார்.

நான் இந்த நாட்டுக்கு வந்த கதை உங்கள் அப்பாமார் வந்த கதைதான். வடக்கே மீன் தொழிற்சாலையில் சில வருடம் நின்றேன். கை விறைத்தது, நோர்வேஜிய மொழி கொஞ்சம் நாக்கில் ஒட்டியது. பிறகு ஒஸ்லோவுக்கு வந்து உணவகத்தில் கோப்பை கழுவினேன், அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தேன். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து கொஞ்சக் காலத்தில், நூலகத்தில் பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்றார்கள். மீன்பெட்டி தூக்கியவனுக்குப் புத்தகப்பெட்டி பெரிய காரியம் இல்லை என்று போனேன். போன பிறகுதான் தெரிந்தது, மீனைவிடப் புத்தகம் பாரம்.

இந்த நாட்டில் குடியேறிய மக்களின் மொழிப் புத்தகங்களை வாங்கிவைத்து, நாடெங்கும் உள்ள சிறிய நூலகங்களுக்குப் பெட்டியில் போட்டு அனுப்பும் பகுதி அது. வடக்கே ஒரு தீவில் இருக்கும் தமிழ்க் குடும்பம் கேட்டால் ஒரு பெட்டி தமிழ் போகும். இன்னோர் ஊருக்கு உருது, இன்னோர் ஊருக்குச் சோமாலி. எல்லாம் நிலவறையில் வரிசை வரிசையாக நிற்கும். தமிழை அடுக்க எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அ, ஆ, இ, ஈ. சுவரோரமாக இருந்த கடைசி வரிசை சீனம். அதைப் பார்த்து வந்த பெண் கல்யாணம் செய்து பேர்கனுக்குப் போய்விட்டார். திரும்பி வந்த புத்தகங்கள் நிலத்தில் குவிந்து கிடந்தன.

எங்கள் பொறுப்பாளரின் பெயர் ரண்டி. உயரமான நோர்வேஜியப் பெண்மணி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். ஒருநாள் அந்தக் குவியலைக் காட்டி, இதை நீ எடுத்து வைக்கிறாயா என்று கேட்டார். எனக்கு இந்த மொழி தெரியாதே என்றேன். எனக்கும் தெரியாது என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முன்னொரு காலத்தில் சீனப் புத்தகங்களையும் ஒலியை வைத்து, இங்கிலீஷ் எழுத்து வரிசையில்தான் அடுக்கியிருந்தார்களாம். அதில் ஒரு தொல்லை வந்தது. ஹாங்காங்கில் இருந்து வந்தவர் ஒரு புத்தகத்தின் பெயரை ஒரு விதமாகச் சொல்வார். வியட்நாமில் பிறந்து வளர்ந்த சீனர் அதே பெயரை வேறு விதமாகச் சொல்வார். பெய்ஜிங் மாணவனுக்கு மூன்றாவது உச்சரிப்பு. ஒவ்வொருவரும் உங்கள் பட்டியல் பிழை என்று சண்டைக்கு வருவார்கள். ரண்டி ஒரு பென்சிலை நீட்டி எழுதிக் காட்டுங்கள் என்பாராம். மூன்று பேரும் எழுதுவது ஒரே எழுத்து. நாங்கள் "எண்டு" என்கிறோம், இந்தியத் தமிழர் "ன்னு" என்கிறார்கள், எழுதும்போது எல்லோருக்கும் அது "என்று" ஆகிவிடுகிறதே, அந்த மாதிரி. ஆகவே ரண்டி ஒலியை விட்டுவிட்டு உருவத்தைப் பிடித்துக்கொண்டார்.

அந்த முறையை உங்களுக்குச் சொல்கிறேன். சீன எழுத்துகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது. குடும்பத்தைக் காட்டும் உரு ஒன்று எழுத்துக்குள்ளேயே இருக்கும். ரண்டி அதற்கு நோர்வேஜியத்தில் ஒரு பெயர் சொல்வார். நான் எனக்குள் "தலை" என்று வைத்துக்கொண்டேன். குடும்பத் தலை. இருநூற்றுக்குச் சற்று மேலே தலைகள் உண்டு. புத்தகத் தலைப்பின் முதல் எழுத்தைப் பார்க்கவேண்டும். அதன் தலை எது என்று கண்டுபிடிக்கவேண்டும். தலை போக மிச்சம் எத்தனை கோடு என்று எண்ணவேண்டும். அந்தத் தலையின் தட்டுக்குப் போய், அந்த எண்ணிக்கை உள்ள இடத்தில் வைக்கவேண்டும். இதற்கு வாசிக்கத் தெரியவேண்டாம்.

தலைகளையும் கோட்டு எண்ணிக்கைப்படியே நிறுத்தியிருப்பார்கள். முதல் தட்டில் ஒரே கோட்டால் ஆன தலைகள். அவை ஆறு: படுத்த கோடு, நிமிர்ந்த கோடு, புள்ளி, இடப்பக்கம் சரிகிற கோடு, வளைந்து திரும்புகிற கோடு, நுனியில் கொக்கி போட்ட கோடு.

புள்ளியும் ஒரு கோடா என்று கேட்டேன். மூன்றாவதாக நிற்கிற அந்தத் தலை இப்படி இருக்கும்: 丶. மழைத்துளி சரிந்து விழுந்த மாதிரி.

"தூரிகையைத் தாளில் வைத்து எடுத்தால் அது ஒன்று" என்றார் ரண்டி. "நீளமா கட்டையா என்று யாரும் கேட்பதில்லை."

ரண்டியிடம் ஒரு பழக்கம் இருந்தது. நான் வேலை செய்யும்போது பக்கத்தில் வந்து நின்றால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். முதலில் அதிகாரி தோரணை என்றுதான் நினைத்தேன். பழகிய பிறகு ஒருநாள் ஏன் என்று கேட்டேன். கை முன்னால் இருந்தால் உன்னிடம் இருந்து புத்தகத்தைப் பறித்து நானே வைத்துவிடுவேன், பிறகு நீ எப்போது பழகுவது என்றார்.

பிழையான இடத்தில் இருக்கும் புத்தகத்தையும் அவர் சரியான இடத்துக்கு மாற்ற மாட்டார். நான் வீட்டுக்குப் போன பிறகு வரிசையைப் பார்த்து வருவார். பிழையானதைப் பாதி வெளியே இழுத்து, நீட்டிக்கொண்டு நிற்க விட்டுவிட்டுப் போய்விடுவார். முதல் வாரங்களில் காலையில் வந்து பார்த்தால் என் சீன வரிசை, கம்பி போடாத பல் வரிசை மாதிரித் தள்ளிக்கொண்டு நிற்கும். என்ன பிழை என்று சொல்லவும் மாட்டார். கேட்டால் ஒரே வசனம்: "சே என் கங் தில்." இன்னொருக்காப் பார் என்று அர்த்தம்.

இன்னொருக்காப் பார்த்தேன். சீனத்தில் வாய்க்கு ஒரு பெட்டி மாதிரிப் போடுவார்கள்: 口. எத்தனை கோடு என்று நினைக்கிறீர்கள்? தமிழ் எழுதிப் பழகிய கை என்னுடையது. எங்கள் எழுத்துகள் வளைந்து வளைந்து ஓடும், பேனை தாளை விட்டு எழும்பாது. நான் அந்தப் பெட்டியை ஒரே இழுப்பில் சுற்றி எழுதிவிட்டு ஒன்று என்று எண்ணினேன். மறுநாள் அந்தப் புத்தகங்கள் எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. சரி, பெட்டிக்கு நாலு பக்கம்தானே என்று நாலு எண்ணினேன். அப்போதும் நீட்டிக்கொண்டு நின்றன.

அதற்கு அடுத்த நாள் என் மேசையில் ஒரு புத்தகம் இருந்தது. சீனப் பிள்ளைகள் முதலாம் வகுப்பில் எழுதிப் பழகுகிற புத்தகம். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் இலக்கம் போட்டிருந்தார்கள். பெட்டிக்கு மூன்று. இடப்பக்கம் ஒன்று, மேல்பக்கமும் வலப்பக்கமும் சேர்த்து ஒரே திருப்பில் ஒன்று, அடியை மூட ஒன்று. கை எங்கே எழும்புகிறது என்பதுதான் கணக்கு. என் மகள் அந்த வருடம்தான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். சமையலறை மேசையில் அவள் ஒரு பக்கம் நோர்வேஜிய எழுத்து எழுதுவாள், நான் மறுபக்கம் சீனக் கோடு இழுப்பேன். அப்பாவின் எழுத்து வடிவில்லை என்று அவள் சொல்லுவாள். உண்மைதான்.

மெல்ல மெல்ல நீட்டிக்கொண்டு நிற்கும் புத்தகங்கள் குறைந்தன. ஒரு காலையில் வரிசை முழுக்கச் சமமாக இருந்தது. அந்த மாதமே ரண்டி வேலையை நிரந்தரமாக்கித் தந்தார்.

இனிச் சொல்லப்போவது, என் வேலைக் காலத்தில் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்த தேடுதல்.

ஊரில் போர்நிறுத்தம் இருந்த வருடங்களில் ஒன்று. அந்தக் கோடையில் நான் நீண்ட விடுமுறை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போயிருந்தேன். என் இடத்துக்குக் கற்பனா என்ற பெண்ணை எடுத்தார்கள். மதுரைப் பக்கம். கணவர் இங்கே கணினி நிறுவனத்தில் வேலை. கற்பனாவும் நிறையப் படித்தவர். போவதற்கு முன் சில நாள் அவருக்கு வேலை பழக்கினேன். முதல் நாளே என்னைப் பார்த்து, நீங்க மலையாளியா என்று கேட்டார். நீர் தமிழ்ப் படத்திலை வாறவை கதைக்கிற மாதிரிக் கதைக்கிறீர் என்றேன். "நீர்" என்றதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ராஜா காலத்து வசனம் மாதிரி இருக்கு, இன்னொரு வாட்டி சொல்லுங்கண்ணா என்றார். அன்று தொடங்கி நான் அவருக்கு அண்ணன், அவர் எனக்குத் தங்கச்சி.

நான் ஊரில் நின்றபோது நிலவறைச் சுவரில் ஈரம் கசிந்திருக்கிறது. சீன வரிசையை முழுவதும் இறக்கி, வேறு பக்கத்தில் புதிதாக அடுக்கவேண்டி வந்தது. கற்பனா அதைத் தனியாகச் செய்து முடித்திருந்தார். நான் வந்து பார்த்தபோது வரிசை மிக ஒழுங்காக இருந்தது. அவருக்குப் பிள்ளைப்பேறு நெருங்கியிருந்ததால் வேலையை விட்டு நின்றுவிட்டார்.

இலை உதிரும் காலத்தில் திருமதி லாம் வந்தார். ஒஸ்லோவின் புறநகர் புருசெத்தில் அடுக்குமாடியில் இருப்பவர். வியட்நாமில் பிறந்த சீனப் பெண்மணி. எங்கள் இரண்டு பேருடைய நோர்வேஜியமும் உடைந்தது. உடைந்த மொழிக்காரர் இருவர் கதைத்தால் நோர்வேஜியருக்கு விளங்காததெல்லாம் விளங்கும். அவருடைய கணவர் சமையற்காரர். முந்திய வருடம் மூளையில் இரத்தக்குழாய் அடைத்துப் பேச்சுப் போய்விட்டது. கை, கால் திரும்ப வந்தன, சொல் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், அவருக்குப் பிடித்த எதையாவது அவருடைய மொழியில் வாசித்துக் காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

அவருக்குப் பிடித்தது ஒரு பழைய நாவல். ஒரு வைத்தியனும் அவனுடைய கோவேறு கழுதையும் மலை மலையாக அலைகிற கதை. இளைஞனாக இருந்தபோது வாசித்தாராம். எங்கள் நூலகத்தில் அது மூன்று பாகமாக இருந்தது. திருமதி லாம் வசந்த காலத்தில் முதல் இரண்டு பாகத்தையும் எடுத்துப்போனார். மூன்றையும் தூக்கப் பை கனத்தது என்று மூன்றாவதை விட்டுவிட்டுப் போனார்.

வேலை முடிந்து வந்து தினமும் வாசித்தாராம். முதலாம் பாகம் முழுக்கக் கணவர் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் பாகத்தில் ஒருநாள், வசனத்தின் கடைசிச் சொல்லுக்கு முன் திருமதி லாமுக்கு இருமல் வந்து நிறுத்திவிட்டார். அந்தக் கடைசிச் சொல்லைக் கணவர் சொன்னார். அதன் பிறகு வேண்டுமென்றே நிறுத்தத் தொடங்கினார். ஒரு சொல், இரண்டு சொல் என்று கணவர் முடித்து வைத்தார். ஆனால் வந்ததெல்லாம் புத்தகத்தின் சொல். அவருடைய சொந்தச் சொல் ஒன்றுகூட வரவில்லை.

"மூன்றாம் பாகம் வேணும்" என்றார் திருமதி லாம். "வைத்தியன் ஆற்றைக் கடக்கேல்லை. இவரும் அங்கையே நிக்கிறார். வேறை புத்தகம் வாசிச்சால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்புறார்."

கணினியில் பார்த்தேன். புத்தகம் உள்ளே என்று காட்டியது. ஐந்து நிமிடம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுக் கீழே போனேன்.

அந்த நாவலின் தலைப்பு 丹 என்ற எழுத்தில் தொடங்குகிறது. சிவப்பு என்று பொருளாம், வைத்தியர் உருட்டுகிற குளிகைக்கும் அதுதான் பெயராம். ஒரு சட்டம், நடுவில் சட்டத்தை வெட்டிக்கொண்டு போகும் நீளக்கோடு, அதற்கு மேலே உள்ளே ஒரு புள்ளி. பார்த்தவுடன் கண்ணில் படுவது சட்டம்தான். ஆனால் இதன் தலை சட்டம் இல்லை, உள்ளே இருக்கிற அந்தச் சின்னப் புள்ளிதான். புள்ளி தலை, மிச்சம் மூன்று கோடு. புள்ளியின் வீட்டில் இருப்பவர்கள் மிகக் குறைவு. கையை நீட்டினால் எடுத்துவிடலாம் என்று போனேன்.

அங்கே அது இல்லை.

அயல் தட்டுகளைப் பார்த்தேன். இல்லை. திருமதி லாமிடம் நாளை எடுத்து வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் சட்டத்தின் குடும்பத்தில் தேடினேன். படகு என்று ஓர் எழுத்து இருக்கிறது, அதுவும் இதைப் போலவே சட்டமும் கோடும் புள்ளிகளுமாக இருக்கும். அதன் வீட்டிலும் தேடினேன். புத்தகங்களுக்குப் பின்னால் விழுந்து கிடக்கிறதா என்று விளக்குப் பிடித்துப் பார்த்தேன். ரண்டி ஸ்டாக்ஹோமுக்கும் கோபன்ஹேகனுக்கும் எழுதிக் கேட்டார். அங்கே இல்லை என்று பதில் வந்தது. ஹாங்காங்கில் பழைய புத்தகக் கடைகளுக்கும் எழுதினார். பதில் இல்லை.

திருமதி லாம் வாரத்துக்கு ஒருக்கா வருவார். வந்து கவுண்டரில் நின்று என் முகத்தைப் பார்ப்பார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். திரும்பிப் போய்விடுவார். அப்படி ஒருநாள் போகும்போது, கணவர் இரண்டாம் பாகத்துச் சொற்களைச் சொல்வதையும் நிறுத்திவிட்டார் என்றார்.

ரண்டியிடம் போய், முதல் தட்டில் இருந்து கடைசித் தட்டு வரை ஒவ்வொரு புத்தகமாகப் பார்க்க நேரம் தாருங்கள் என்று கேட்டேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"புத்தகத்தைத் தேடாதே" என்றார். "வைத்த ஆளைத் தேடு. அந்தக் கண்ணால் பார்."

எனக்கு அது சங்கடமாக இருந்தது. கற்பனாவின் வீடு இப்போது பிள்ளை பெற்ற வீடு. தொலைபேசி எடுத்துக் கேட்டால் குற்றம் சொல்வது போலிருக்கும். அதுவும் நாங்கள் இலங்கைத் தமிழர், அவர் இந்தியத் தமிழர். ஒரு சொல் பிசகினால், பார்த்தியா இவங்க நம்மளைச் சொல்றாங்க என்று ஆகிவிடும். இரண்டு நாள் யோசித்துவிட்டு எடுத்தேன். நான் பயந்தது போலவேதான் தொடங்கியது.

"நான் எல்லாம் ஒழுங்காத்தான்ணா வச்சேன். ரண்டியே பாத்தாங்களே."

"நீர் ஒழுங்காத்தான் வைச்சனீர். வடிவான வரிசை. நான் பிழை எண்டு சொல்லேல்லை, தங்கச்சி. என்ரை கண்ணுக்கு அது தெரியுதில்லை. உம்மடை கண்ணைக் கொஞ்சம் கடன் தாரும்."

மறுமுனையில் சிரித்தார். சனிக்கிழமை ட்வெய்ட்டா சென்டர் கடைத்தொகுதிக்கு வருவேன், அங்கே காப்பிக் கடையில் பார்க்கலாம் என்றார்.

பிள்ளையைத் தள்ளுவண்டியில் நித்திரையாக்கிக்கொண்டு வந்திருந்தார். நான் திருமதி லாமின் கணவரைப் பற்றிச் சொன்னேன். கற்பனா காப்பியைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். எழுத்தைக் காட்டுங்கண்ணா என்றார். நான் இரண்டாம் பாகத்தின் அட்டையைப் படம் பிடித்து வைத்திருந்தேன். அதைக் கொடுத்து, பென்சிலையும் நீட்டி, உம்மடை கையாலை ஒருக்கா எழுதும் என்றேன்.

கற்பனா அட்டையைப் பார்த்துப் பார்த்து எழுதினார். முதலில் சட்டம். பிறகு நடுக்கோடு. பிறகு பென்சிலைத் தூக்கி, நாங்கள் "க்" எழுதும்போது எல்லாம் முடிந்த பிறகு மேலே குற்று வைப்போமே, அப்படிக் கடைசியாகப் புள்ளியை வைத்தார்.

சீனர் அப்படி எழுதுவதில்லை. அவர்களுக்குப் புள்ளி முந்தி, நீளக்கோடு பிந்தி. எங்கள் இரண்டு பேருக்கும்தான் புள்ளி எப்போதும் கடைசி. உடம்பு முடிந்த பிறகு வருவது. நானும் கவனிக்காமல் எழுதினால் அப்படித்தான் எழுதுவேன். அப்படியென்றால் கற்பனா புள்ளியைத் தலையாக நினைத்திருக்க மாட்டார். ஆனால் சட்டத்தின் வீட்டில் நான் தேடிவிட்டேனே?

"இந்தப் புள்ளி கிடக்கட்டும். இது இல்லாட்டி இது என்ன?" என்று கேட்டேன்.

கற்பனா தாளைத் தூரப்பிடித்துப் பார்த்தார். பிறகு அட்டையைப் பார்த்தார். முகம் மாறியது.

"அண்ணா, இது நிலா."

நிலாவுக்கு எழுத்து 月. சட்டத்துக்குள் இரண்டு படுத்த கோடு.

"மூணாவது புக்கோட முதுகெல்லாம் தேஞ்சு போயிருந்துச்சு. மேல் கோடு அச்சுல சரியா விழலை, துண்டா நிக்குதுன்னு நெனச்சேன். ரெண்டு கோடு இருக்கற எழுத்துதான், ஒண்ணு அழிஞ்சு போச்சுன்னு நானே முடிவு பண்ணி நிலாவுல கொண்டுபோய் வச்சேன். இப்ப ஞாபகம் வருது."

முதல் இரண்டு பாகமும் அந்தக் கோடையில் திருமதி லாமின் வீட்டில் இருந்ததால், பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் வழியில்லை.

திங்கட்கிழமை போய்ப் பார்க்கிறேன் என்றேன். முடியாது, இப்பவே போகலாம், சாவி உங்ககிட்டதானே இருக்கு என்று கற்பனா எழும்பிவிட்டார். ரண்டிக்குத் தொலைபேசி எடுத்தேன். திறக்க அனுமதி தந்துவிட்டு, தானும் வருவதாகச் சொன்னார். தள்ளுவண்டியோடு நிலக்கீழ் ரயில் ஏறி, நூலகத்தின் சாமான் ஏற்றுகிற லிஃப்டில் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினோம். நிலாவின் தட்டு நாலு கோட்டுத் தலைகளின் வரிசையில், புள்ளியின் வீட்டில் இருந்து வெகு தூரம். நான் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையை நீட்டவில்லை. கற்பனா விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போய் ஓர் இடத்தில் நிறுத்தினார். இழுத்தார். கோவேறு கழுதையின் படம் போட்ட அட்டை.

ரண்டி வந்ததும் புத்தகத்தைக் காட்டினோம். கண்ணாடியைப் போட்டு முதுகைப் பார்த்தார். நோர்வேஜியர் சிலர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு "யா" என்பார்களே, அப்படி ஒரு "யா" சொன்னார். நானும் இதை நிலா என்றுதான் வாசித்திருப்பேன் என்றார். மேசையில் இருந்து ஒரு கடதாசி மட்டையை எடுத்துக் கற்பனாவிடம் கொடுத்து, எழுது என்றார். இந்த எழுத்தை இங்கே தேடி வந்தவர் புள்ளியின் தட்டுக்குப் போகவும். கற்பனாவின் கையெழுத்தில் அந்த மட்டையை நிலாவின் தட்டில் நிறுத்தினோம். ஒருவர் எங்கே தேடி வருவாரோ அங்கேயும் வழி சொல்ல ஏதாவது நிற்கவேண்டும் என்றார் ரண்டி. அதற்குப் பிறகு யாராவது பிழையான இடத்தில் ஒரு புத்தகத்தை வைத்தால், அதைச் சரியான இடத்துக்கு மாற்றிவிட்டு, பிழையான இடத்தில் ஒரு மட்டை வைப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. நான் ஓய்வு பெறும்போது சீன வரிசையில் அப்படி எத்தனையோ மட்டைகள். பாதிக்கு மேல் நான் சம்பாதித்தவை.

அன்றே நான் புருசெத்துக்குப் போனேன். இது என் வேலை இல்லை. புத்தகம் வந்திருக்கிறது என்று கடிதம் போடுவதுதான் முறை. ரண்டி என் பையைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், நீ போ, நான் பூட்டுகிறேன் என்றார்.

திருமதி லாம் கதவைத் திறந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். லாம் யன்னலோரம் கதிரையில் இருந்தார். பெரிய தோள், சமையற்காரரின் கை. என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு மறுபடி வெளியே பார்க்கத் தொடங்கினார். திருமதி லாம் புத்தகத்தை அவர் மடியில் வைத்தார். அவர் அட்டையைத் தடவினார். அந்த எழுத்தின் மேல் விரல் நின்றது. புத்தகத்தைத் தூக்கி மனைவியிடம் நீட்டினார்.

திருமதி லாம் வாசித்தார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. தந்த தேநீரைக் குடித்துக்கொண்டு இருந்தேன். குரல் ஏறுவதும் இறங்குவதும் பாட்டுப் போல இருந்தது. திருமதி லாம் வசனத்தின் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்தினார். லாம் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வசனத்திலும் நிறுத்தினார். இல்லை. நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். இத்தனை வாரம் இடையில் போய்விட்டதே, பிந்திவிட்டோமோ என்று நினைத்தேன். திருமதி லாம் நிறுத்துவதை விட்டுவிட்டார். மூச்சு விடாமல், பக்கம் பக்கமாக, அழுகிறவர் போல வேகமாக வாசித்துக்கொண்டே போனார்.

லாம் கையை உயர்த்தினார். புத்தகத்தின் மேல் வைத்து மூடினார். ஏதோ சொன்னார். கட்டையாக, கரகரத்த குரலில், இரண்டு மூன்று சொல்.

திருமதி லாம் அவரிடம் ஏதோ கேட்டார். அவர் அதே சொற்களைத் திரும்பச் சொன்னார், இந்த முறை கொஞ்சம் எரிச்சலோடு.

புத்தகத்தில் இருந்த வசனமா என்று நான் கேட்டேன்.

திருமதி லாம் இல்லை என்று தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான அந்த உடைந்த நோர்வேஜியத்தில் எனக்குச் சொன்னார்:

"போதுமாம். மிச்சம் நாளைக்காம்."